கோமுகத்துக்கு நாலு கிலோமீட்டர் முன்னால்

2022 தீபாவளியை ஒட்டி நம் சங்க அன்பர்கள் சிலர் ஒருவர் வீட்டில் கூடியிருந்தோம். முறுக்கும் அதிரசமும் காலியான பிறகு, நார்வேயில் மகள் வீட்டுக்குப் போய்த் திரும்பியிருந்த நண்பர் தம் படங்களைக் காட்ட ஆரம்பித்தார். கடல், மலைக்குள் புகுந்து உள்நாடு வரைக்கும் வந்து நிற்கிறது. இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை, நடுவே பச்சைத் தண்ணீர், அதில் கப்பல்! ஃபியோர்டு என்று பெயர். சோக்னஃபியோர்டு என்பது 200 கிலோமீட்டருக்கு மேல் நீளம், 1,300 மீட்டர் ஆழம் என்றார். கிளேசியர் என்கிறோமே, அந்தப் பனியாறு ஒரு காலத்தில் மலையை அரைத்துத் தோண்டிய பள்ளத்தாக்கு அது. பனி பின்வாங்கியதும் கடல் உள்ளே வந்துவிட்டது.

எனக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை. "இதற்கு நார்வே வரைக்கும் போகவேண்டுமா? கங்கோத்ரியில் நம்முடைய தேசியப் பூங்காவே இருக்கிறது. 1989-ல் அறிவித்தார்கள். 2,390 சதுர கிலோமீட்டர். உள்ளே 30 கிலோமீட்டர் நீளத்தில் பனியாறு. ரயில் பாஸில் போய்வந்து விடலாம்" என்று படித்ததையெல்லாம் அவிழ்த்துவிட்டேன். நண்பர் அமைதியாக, "நீங்கள் போய் வந்தீர்களா?" என்று கேட்டார்.

இல்லை. 37 வருடம் ரயில்வேயில் இருந்தவன், ஹரித்வாரைக் கூடப் பார்த்ததில்லை. வீட்டுக்கு வரும் வழியில் என் மனைவி ஸ்கூட்டரின் பின்னால் இருந்துகொண்டே, "நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டீங்க" என்றாள்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். பிறந்து வளர்ந்தது திருச்சி பொன்மலை. அப்பா அங்கே ஒர்க்‌ஷாப்பில். நான் டிப்ளமோ முடித்துவிட்டு மத்திய ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்தேன்; 2019-ல் ஓய்வு. வேலை கொண்டுவந்து போட்ட இடம் புனே. வீடு அமைந்த இடம் ஏரவாடா. எங்கே இருக்கிறீர்கள் என்று ஊர்ப்பக்கம் யாராவது கேட்டு, ஏரவாடா என்று சொன்னால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். சிறைச்சாலைக்கு வெளியேயும் ஏரவாடா உண்டு என்று விளக்கம் சொல்லியே பாதி ஆயுள் போய்விட்டது!

2023 அக்டோபர் என்று முடிவு செய்து, ஆறு மாதம் முன்பிருந்தே பயிற்சியில் இறங்கினேன். விடியற்காலை பண்ட் கார்டன் பாலம் வரை வேகநடை, திரும்பி வந்து தாரகேஸ்வர் கோவில் குன்றின் படிகளில் ஏற்றம் இறக்கம். ஒரு நோட்டில் தேதிவாரியாக நேரம், நாடித்துடிப்பு எல்லாம் குறித்து வைத்தேன். என் மனைவி என்னோடு படி ஏறினது பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். மற்ற நாளெல்லாம், "பால் பொங்கிடும், நீங்க போயிட்டு வாங்க." அவளுக்கு 59, எனக்கு 64. அவளைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

பை கட்டும்போது ஒரு சின்ன சண்டை. என் அம்மா வைத்திருந்த கங்கைச் செம்பை அவள் பைக்குள் வைத்தாள். பழைய குடும்பங்களில் பார்த்திருப்பீர்கள்: காசிக்குப் போனவர்கள் வாயை ஈயத்தால் பற்றவைத்துக் கொண்டுவரும் சின்னத் தாமிரச் செம்பு. தாத்தா கொண்டுவந்தது. பூஜை அலமாரியில் திறக்காமலே எத்தனையோ வருடம் இருந்து, அம்மாவின் கடைசி நேரத்தில் வாயைத் திறந்து அவர் நாவில் விட்டோம். அதற்குப் பிறகு காலிச் செம்பு. "இருநூறு கிராம் அனாவசிய எடை" என்றேன் நான். "என் பையில்தானே வைக்கிறேன்" என்றாள் அவள்.

ஜீலம் எக்ஸ்பிரஸில் டில்லி, அங்கிருந்து ஹரித்வார். நம் ஸ்டேஷன் பெயர்ப்பலகைகளில் கடல்மட்டத்திலிருந்து எத்தனை உயரம் என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? பார்க்காதவர்கள் அடுத்த முறை பாருங்கள். புனே 560 மீட்டர் அளவு; ஹரித்வார் 300-க்குப் பக்கம். இமயமலைக்குப் போகிறோம் என்று இறங்கித்தான் போயிருக்கிறோம்! ஏற்றம் பாக்கி முழுவதும் அங்கிருந்துதான்.

ரிஷிகேசத்திலிருந்து கங்கோத்ரி சுமார் 250 கிலோமீட்டர் மலைப்பாதை. சம்பா ஊரைத் தாண்டியதும் வலதுபக்கம் திடீரென்று பச்சைத் தண்ணீர். மலை மடிப்புகளுக்குள் எல்லாம் கை நீட்டிக்கொண்டு கிடக்கிறது. டெஹ்ரி அணையின் நீர்த்தேக்கம். நண்பர் காட்டிய ஃபியோர்டு படத்தை அப்படியே கொண்டுவந்து வைத்த மாதிரி இருந்தது. அங்கே பனியாறு தோண்டி வைத்த பள்ளத்தில் கடல் புகுந்தது. இங்கே பாகீரதி தோண்டி வைத்த பள்ளத்தில் 260 மீட்டர் உயர அணை தண்ணீரை ஏற்றி நிறுத்தியிருக்கிறது. பழைய டெஹ்ரி நகரம் அந்தத் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. டிரைவர் கையை நீட்டி, மணிக்கூண்டு அந்தப் பக்கம் இருந்தது, என் பள்ளிக்கூடம் இந்தப் பக்கம் இருந்தது என்று சொல்லிக்கொண்டே ஓட்டினார். அழகாக இருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை.

உத்தரகாசியில் வனத்துறை அனுமதிச் சீட்டு வாங்கினோம். கோமுகத்துக்கு ஒரு நாளைக்கு 150 பேர்தான். நகல், புகைப்படம், ஆதார் எல்லாம் நாலு செட் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். ஒரு செட்தான் கேட்டார்கள்.

உத்தரகாசிக்கு மேலே பல மைல் தூரம் பள்ளத்தாக்கு ஆப்பு அடித்துப் பிளந்த மாதிரி குறுகலாகவே இருக்கிறது. ஆறு வெட்டிய பள்ளம் அப்படித்தான் இருக்கும். ஜாலாவைத் தாண்டியதும் காட்சி மாறுகிறது. அடிப்பாகம் அகலமாக, சமமாக, கரைகள் நிமிர்ந்து, நாங்கள் கான்கிரீட் சுமக்கும் பாண்டுச் சட்டியைப் போல் விரிந்துவிடுகிறது. பனியாறு உருண்டு போன பள்ளத்துக்கு அதுதான் அடையாளம். இன்றைக்குப் பல மைல் மேலே போய்விட்ட பனி, ஒரு யுகத்தில் இந்த ஹர்சில் வரைக்கும் நிறைந்து கிடந்திருக்கிறது. கடல்மட்டத்துக்கு அருகில் இருந்திருந்தால் இதுவும் ஒரு ஃபியோர்டாகியிருக்கும். 2,600 மீட்டர் உயரத்தில் கடல் எப்படி வரும்? ஆப்பிள் மரம் வந்திருக்கிறது.

அந்த ஆப்பிளுக்குப் பின்னால் ஒரு ரயில்வே கதை உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் ஃபிரெடரிக் வில்சன் என்ற ஆங்கிலேயர் ஹர்சிலுக்கு வந்து குடியேறினார். டெஹ்ரி ராஜாவிடம் காட்டைக் குத்தகைக்கு எடுத்து, தேவதாரு மரங்களை வெட்டி பாகீரதியில் மிதக்கவிட்டார். அவை ஹரித்வாரில் கரையேறி, அப்போது நாடெங்கும் போட்டுக்கொண்டிருந்த ரயில்பாதைகளுக்கு ஸ்லீப்பர் கட்டைகளாயின. இந்தப் பக்கத்தில் ஆப்பிளைக் கொண்டுவந்து நட்டவரும் அவர்தான். நான் வேலையில் சேர்ந்த புதிதில் சில சைடிங்குகளில் தேவதாருக் கட்டை இன்னும் கிடந்தது. வெயிலில் சூடேறினால் ஒரு வாசனை வரும். பிறகு எல்லாம் கான்கிரீட் ஸ்லீப்பராகி வாசனை போயிற்று. ஹர்சிலில் காரைவிட்டு இறங்கியதும் அந்த வாசனை மூக்கில் ஏறியது. என்னுடைய 37 வருடச் சோறு எந்தக் காட்டிலிருந்து புறப்பட்டது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஹர்சிலிலிருந்து மூன்று கிலோமீட்டரில் தாராலி. கங்கோத்ரி போகும் வண்டிகள் டீக்கு நிற்கும் ஊர். எதிர்க்கரையில் முக்பா கிராமம். கங்கோத்ரி கோவில் பனிக்காலத்துக்கு மூடியதும் கங்காதேவி அங்கேதான் வந்து தங்குகிறாள். தாராலியில் கல்ப கேதார் என்று ஒரு பழைய சிவன் கோவில். தரைமட்டத்துக்குக் கீழே இறங்கித்தான் தரிசனம் செய்யவேண்டும். பல காலம் மண்ணுக்குள் புதைந்து கிடந்து, 1945-ல் தோண்டி எடுத்தார்களாம். என் மனைவி கும்பிட்டுக்கொண்டிருந்தபோது நான் வெளியே நின்று சுற்றுமுற்றும் பார்த்தேன். ஊரின் பின்னால் செங்குத்தான ஓடை ஒன்று மலையைப் பிளந்துகொண்டு இறங்குகிறது. கீர் கட் என்று பெயர். அந்த ஓடை காலங்காலமாகக் கொண்டுவந்து கொட்டிய கல்லும் மண்ணும் விசிறி மாதிரி விரிந்து கிடக்க, அந்த விசிறியின் மேலேதான் கடை, ஹோட்டல், தோட்டம் எல்லாம். கோவிலைப் புதைத்தது யார் என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

மழைக்காலத்தில் மண் சரியக்கூடிய இடங்களில் இரவு பகலாக ஒருவரை விளக்கோடும் கொடியோடும் நிறுத்திவைப்பது ரயில்வே வழக்கம். காட் செக்‌ஷனில் அப்படி எத்தனையோ பேருக்கு நான் டியூட்டி போட்டிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில், "இது நம்ம கணக்கில் வாட்ச்மேன் போடவேண்டிய இடம்" என்றேன் மனைவியிடம். சொல்லிவிட்டுக் கடையில் போய் உட்கார்ந்து டீயும் பக்கோடாவும் சாப்பிட்டேன். கடைக்கார அம்மா என் மனைவியின் மூக்குத்தியைப் பார்த்துச் சிரித்து, தம் மூக்குத்தியைத் தொட்டுக் காட்டினார். போகும்போது நாலு ஆப்பிளை அவள் பையில் திணித்தார், காசு வாங்கவில்லை.

"இங்கேயே ஒரு நாள் கூடத் தங்கிட்டுப் போவோமேங்க. இடம் நல்லா இருக்கு, உடம்பும் பழகிக்கும்" என்றாள். நான் பையிலிருந்து பயண அட்டவணையை எடுத்துக் காட்டினேன். நிஜாமுதீனிலிருந்து திரும்பும் ரயிலுக்கு முன்பதிவு ஆகியிருந்தது. ஒரு நாள் தவறினால் எல்லாம் தவறிவிடும். ரயில்வேக்காரனுக்கு டிக்கெட் தேதி என்றால் வேதவாக்கு அல்லவா!

கங்கோத்ரி சுமார் 3,100 மீட்டர். கூர்க்கா தளபதி அமர்சிங் தாபா கட்டிய வெள்ளைக் கோவில், பக்கத்தில் இரைச்சலோடு பாகீரதி. ஒரே ஒரு இரவு தங்கிவிட்டு, மறுநாள் காலை ஆறரைக்குக் கிளம்பினோம். சாமான் தூக்க ஒரு நேபாளப் பையன். இரண்டு கிலோமீட்டரில் சோதனைச் சாவடி. பையில் என்னென்ன பிளாஸ்டிக் இருக்கிறது என்று எண்ணி எழுதிக்கொள்கிறார்கள். திரும்பும்போது காலி உறையாகவாவது கணக்குக் காட்டவேண்டும். நல்ல ஏற்பாடு.

கங்கோத்ரியிலிருந்து போஜ்பாசா 14 கிலோமீட்டர்; அங்கிருந்து கோமுகம் இன்னும் நாலு. போஜ்பாசாவின் உயரம் சுமார் 3,800 மீட்டர். 14 கிலோமீட்டரில் 700 மீட்டர் ஏறினால் 1-க்கு 20. நம் போர் காட்டில் கர்ஜத்–லோனாவ்ளா ஏற்றம் 1-க்கு 37. அதற்கே பின்னால் பேங்கர் எஞ்சின் போட்டுத் தள்ளுகிறோம். இந்தக் கணக்கை நான் மனைவிக்கு விளக்கியபோது, "அப்ப உங்களுக்குப் பின்னாடி யாரு?" என்று கேட்டாள்.

ஒன்பது கிலோமீட்டரில் சீர்பாசா. பைன் மரங்கள் நின்றதால் அந்தப் பெயர். அங்கே ரொட்டி சாப்பிட்டோம். அதைத் தாண்டினால் மரமே இல்லாத சரிவுகள். மேலே பரல் என்ற நீல ஆடுகள் மேயும்போது கல் உருண்டு வரும். நிற்காமல் நடக்கவேண்டும் என்று பையன் அவசரப்படுத்தினான். போஜ்பாசா என்றால் பூர்ஜ மரம் நிற்கும் இடம். அதன் பட்டையில்தான் வடக்கே ஏடு எழுதினார்கள். நமக்குப் பனையோலை மாதிரி. ஆனால் போஜ்பாசாவில் அந்த மரங்கள் பெரும்பாலும் விறகாகிப் போய்விட்டன. மலையேற்ற வீராங்கனை ஹர்ஷ்வந்தி பிஷ்ட் அங்கே மறுபடியும் பூர்ஜம் நட்டு வளர்க்கும் வேலையைத் தொடங்கினார். கம்பிவேலிக்குள் மெலிந்த கன்றுகளைப் பார்த்தோம். அந்த உயரத்தில் ஒரு மரம் ஆளாவது லேசான காரியமல்ல.

சீர்பாசாவுக்குப் பிறகு பிடரியில் ஒரு வலி ஆரம்பித்தது. வெயில் என்று நினைத்தேன். போஜ்பாசா விடுதிக்குப் போய்ச் சேர்ந்தபோது மாலை மூன்றரை. தலை இரண்டாகப் பிளந்தது. கிச்சடி கொண்டுவந்தார்கள், வாசனைக்கே வாந்தி. படுத்தால் மூச்சு முட்டியது, எழுந்தால் சுற்றியது. அந்த உயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு கடல்மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கு கூட இல்லை. தாரகேஸ்வர் படிகளில் ஆறு மாதம் ஏறினால் கால் பலப்படும், ரத்தம் பழகாது. அதற்கு வேண்டியது உயரத்தில் தங்கும் நாட்கள். 3,000 மீட்டருக்கு மேலே போனால் ஒரு இரவுக்கும் அடுத்த இரவுக்கும் நடுவில் 300 முதல் 500 மீட்டருக்கு மேல் ஏறக்கூடாது என்பது விதி. நான் ஒரே நாளில் 700 ஏறியிருந்தேன். விதி எனக்குத் தெரியும். நோட்டில் எழுதியே வைத்திருந்தேன். ஒரு நாள் மிச்சப்படுத்தத்தான் மீறினேன்.

என் மனைவிக்கு? கிச்சடி இரண்டு கரண்டி கூடவே வாங்கிச் சாப்பிட்டாள்! மெதுவாக, நின்று நின்று, வழியெல்லாம் தண்ணீர் குடித்துக்கொண்டு வந்தவள் அவள். நேரத்தைப் பார்த்துப் பார்த்து விரைந்தவன் நான்.

பக்கத்துக் கட்டில்களில் புனேயிலிருந்து வந்த கல்லூரிப் பெண்கள் ஆறு பேர். 35 வருடம் ஏரவாடாக் காய்கறிக் கடைகளில் பழுத்த மராட்டி என் மனைவியுடையது. பத்து நிமிடத்தில் அவர்களுக்கு அவள் 'காகூ' ஆகிவிட்டாள். அவர்களில் ஒரு பெண் மலையேற்றப் பயிற்சி பெற்றவள். டார்ச் வெளிச்சத்தில் என்னை எழுப்பி நிறுத்தி, குதிகாலும் விரலும் தொடுகிற மாதிரி நேர்கோட்டில் நடக்கச் சொன்னாள். தள்ளாடினால் மூளையில் நீர் கோத்திருக்கிறது என்று அர்த்தம். ராத்திரியானாலும் தூக்கிக்கொண்டு இறங்கவேண்டும் என்றாள். தண்டவாளத்தின் மேலேயே நடந்து வயிறு வளர்த்தவன் நான். ஆனாலும் அன்றைக்கு அந்தப் பத்தடி தூரத்தை நடந்தபோது இருந்த பயம் எந்தப் பாலத்தின் மேலும் இருந்ததில்லை. நடந்துவிட்டேன். "காகா, நீங்கள் மேலே வரக்கூடாது. விடிந்ததும் பார்த்து இறங்கிவிடுங்கள்" என்று தீர்ப்பு சொன்னாள்.

ராத்திரி முழுக்க என் மனைவி தூங்கவில்லை. "நாளைக்கு ரெண்டு பேரும் இறங்கிடுவோம்" என்றாள். விடியும்போது வலி கொஞ்சம் மட்டுப்பட்டிருந்தது. வாளித் தண்ணீரின் மேலே கண்ணாடி மாதிரி பனி கட்டியிருந்தது. அந்தப் பெண்கள் கிளம்பி நின்றார்கள். "காகூ, சலா ஆம்ச்யாபரோபர்" என்று கூப்பிட்டார்கள். அவள் என்னைப் பார்த்தாள். கல்யாணமாகி 36 வருடத்தில் நான் இல்லாமல் அவள் போன இடம் என்று ஏதாவது உண்டா என்று யோசித்தேன். பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு, அவ்வளவுதான்.

"போய்ட்டு வா. விடுதி மேனேஜர் இருக்கிறார், பையனும் என்கூட இருக்கட்டும்" என்றேன். பையிலிருந்து செம்பை எடுத்து மடியில் செருகிக்கொண்டு போனாள். காலை ஆறு மணி.

நான் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வெளியே கல்லில் உட்கார்ந்தேன். எதிரே பாகீரதி சிகரங்கள் மூன்றும் முதலில் ரோஜா நிறம், பிறகு பொன், பிறகு கண்ணைக் கூசும் வெள்ளை. ஆற்றின் குறுக்கே கையால் கயிறு இழுத்துப் போகும் ஒரு இரும்புத் தொட்டி தொங்கியது. அதன் உருளை, கம்பி, நங்கூரக்கட்டை எல்லாவற்றையும் தூரத்திலிருந்தே பரிசோதித்தேன். வேறு வேலை? ஏழு சிவப்புக் குல்லாக்கள் சின்னதாகிச் சின்னதாகி ஒரு மேட்டுக்குப் பின்னால் மறைந்தன. அதற்குப் பிறகு ஐந்து மணி நேரம் அந்த மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆகவே அன்பர்களே, கோமுகத்தை நான் பார்க்கவில்லை. இனி எழுதுவது அவள் சொன்னது.

பதினோரு மணிக்கு வந்தாள். முகமெல்லாம் கறுத்திருந்தது, உதடு வெடித்திருந்தது. அப்படி ஒரு சிரிப்பை அவள் முகத்தில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"பசுவோட வாயாவது ஒண்ணாவது! நம்ம ஊரு செங்கச் சூளை வாசல் மாதிரி இருக்குங்க. வெள்ளையா இருக்கும்னு நெனச்சேன். ஒரே கறுப்பு, அழுக்கு. மேலெல்லாம் கல்லும் மண்ணும். வெடிச்ச எடத்துல மட்டும் உள்ள நீலமாத் தெரியுது. அடியிலேருந்து ஆறு அப்படியே வெளிய வருது, பிறந்ததுமே ஆறாத்தான் வருது. கிட்டப் போகக்கூடாதுன்னு தூரத்துலயே நிறுத்திட்டாங்க. அங்க நிக்கிறப்ப டப்புன்னு ஒரு சத்தம், ஒரு வீடு அளவுக்கு ஒடைஞ்சு விழுந்திச்சு. சிவலிங்கம்னு ஒரு மலை, அதுவும் பார்த்தேன். பேரு வச்சவன் கெட்டிக்காரன்."

அவள் பார்த்த அந்த வாசல், என்றும் அங்கேயே இருந்ததல்ல. 1935-ல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஆடன் என்பவர் பனியாற்றின் முகம் எங்கே இருக்கிறது என்று அளந்து வரைபடம் போட்டார். அதிலிருந்து 1996 வரைக்கும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கிவிட்டது. வருடத்துக்குச் சராசரி 19 மீட்டர். ரயில் பெட்டி ஒன்றின் நீளத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. 24 பெட்டி ரயில் இரண்டை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் எவ்வளவோ, அதற்கும் கூடுதலான தூரத்தை 61 வருடத்தில் விட்டுக்கொடுத்திருக்கிறது. 2016 ஜூலையில் முகப்பில் ஒரு பெரிய பாகமே இடிந்து விழுந்தது. அமெரிக்காவின் அலாஸ்காவில் கெனாய் ஃபியோர்ட்ஸ் என்ற தேசியப் பூங்கா இருக்கிறது. அங்கே எக்ஸிட் என்ற பனியாற்றுக்குப் போகும் வழியில் பனி எந்த வருடம் எதுவரை இருந்தது என்று வருடம் எழுதிய பலகைகளை நட்டு வைத்திருக்கிறார்கள். மைல்கல்லைப் பார்த்து நடக்கிற மாதிரி வருடங்களைப் பார்த்து நடக்கவேண்டும். தாத்தா காலத்தில் கோமுகம் போனவர்கள் நின்ற இடத்தில் இன்றைக்கு நின்றால் பனி எட்டிப் பார்க்கக்கூடத் தெரியாது.

அன்றைக்கே இறங்கினோம். சீர்பாசாவுக்கு வந்ததும் தலைவலி யாரோ கையால் எடுத்த மாதிரி போய்விட்டது. எனக்குப் பின்னால்தான் அவள் வந்தாள். பேங்கர் எஞ்சின் இறக்கத்திலும் வேண்டும், பிரேக்குக்கு.

வீட்டுக்கு வந்து செம்பைத் திறந்து, உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்க ஒரு கண்ணாடித் தம்ளரில் ஊற்றி வைத்தேன். அரிசி களைந்த தண்ணீர் மாதிரி சாம்பல் நிறம். மறுநாள் காலை தண்ணீர் தெளிந்து, அடியில் ஒரு மெல்லிய படலம். விரலில் எடுத்துத் தேய்த்தால் கரகரப்பே இல்லை. முகப்பவுடர் மாதிரி வழுக்குகிறது. பாறை மாவு. பனியாறு தன் அடியில் கற்களைப் பிடித்துக்கொண்டு, அம்மியில் குழவி நகர்வது போல மலையின் மேல் நகர்கிறது. அரைத்த மாவு ஆற்றோடு வருகிறது. ஹர்சில் பாண்டுச் சட்டியைக் குடைந்ததும் அதே அரைப்புதான். தண்ணீரையும் மாவையும் சேர்த்தே செம்பில் திரும்ப ஊற்றி, கசபா பேட்டையில் தாம்பட் ஆளித் தெருவுக்கு எடுத்துப் போனோம். தாமிரப் பாத்திரக்காரர் ஒருவர் வாயை ஈயம் வைத்துப் பற்றிக் கொடுத்தார். எங்கள் மராட்டியைக் கேட்டுவிட்டு, "மதராஸியா?" என்று சிரித்தார். பூஜை அலமாரியில் பழைய இடத்திலேயே வைத்தாயிற்று.

2025 ஆகஸ்ட் 5-ஆம் தேதி பிற்பகல், டெலிவிஷனில் அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கீர் கட்டிலிருந்து கல்லும் சேறுமாக ஒரு சுவர் இறங்கி வந்து, சில நொடிகளில் தாராலியின் கடைத்தெருவை மூடிவிட்டது. எதிர்க்கரையிலிருந்து யாரோ விசில் அடித்துக் கத்துகிற சத்தம் கேட்கிறது. உயரமான ஹோட்டல்கள் சீட்டுக்கட்டு மாதிரி சாய்கின்றன. பலர் காணாமல் போனார்கள். ஹர்சிலில் ராணுவ முகாமும் அடிபட்டது. கல்ப கேதார் கோவில் மறுபடியும் மண்ணுக்குள் போய்விட்டது. மேலே பனியாற்றுப் பக்கத்தில் குவிந்துகிடந்த மண்ணா, மேகவெடிப்பா, இரண்டும் சேர்ந்தா என்று நிபுணர்கள் பேசினார்கள். எதுவானாலும் வந்து இறங்கிய இடம் அந்த விசிறி மேடுதான்.

என் மனைவி டெலிவிஷனுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, "அந்தக் கடை எதுங்க? அந்தம்மா கடை எதுங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். திரையில் எந்த இடம் எது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. நேபாளப் பையனின் நம்பர் எங்களிடம் இருந்தது. மூன்றாம் நாள்தான் கிடைத்தான். அவன் அப்போது தன் ஊரில் இருந்தான். அந்த வரிசைக் கடை எதுவும் இல்லை என்றான். கடைக்கார அம்மாவைப் பற்றி அவனிடம் எப்படிக் கேட்பது? நாங்கள் பெயர் கேட்டுக்கொள்ளவில்லை. "மூக்குத்தி போட்டவங்க" என்றாள் என் மனைவி. அங்கே எல்லோரும் மூக்குத்தி போட்டவர்கள்தான்.

வாட்ச்மேன் போடவேண்டிய இடம் என்று சொன்னவன் நான். சொன்னேன், டீ குடித்தேன், வந்துவிட்டேன். அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் கடையைத் தூக்கிக்கொண்டு எங்கே போயிருப்பார், அதுவும் தெரியவில்லை. ஆனால் சொல்லவில்லை.

அன்றிரவு அவள் செம்பை எடுத்துக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தாள். உள்ளே தண்ணீர் அலம்பும் சத்தம். "இதுக்குள்ள இருக்கிறதும் அந்த மண்ணுதானே?" என்று கேட்டாள். அதேதான் என்றேன்.

போக நினைக்கும் அன்பர்களுக்கு, குறிப்பாக ஊரிலிருந்து பெற்றோரை வரவழைத்து அழைத்துப்போக நினைப்பவர்களுக்கு ஒன்றிரண்டு வார்த்தை. மே, ஜூன் அல்லது மழை விட்ட பிறகு செப்டம்பர் கடைசி, அக்டோபர். கிளம்புமுன் பாதை திறந்திருக்கிறதா என்று உத்தரகாசியில் விசாரித்துக்கொள்ளுங்கள். இதய நோய், மூச்சுத் தொல்லை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் கிளம்பவேண்டாம். டயமாக்ஸ் மாத்திரையும் அவர் சொன்னால்தான். ஹர்சில் உயரத்தில் இரண்டு இரவு, கங்கோத்ரியில் இரண்டு இரவு கட்டாயம். கோமுகம் வரை முடியாதவர்கள் சீர்பாசா வரை போய் அன்றே திரும்பலாம். அதுவே கண்கொள்ளாக் காட்சி. தலை வலித்தால் இறங்கிவிடுங்கள்.

வரும் மே மாதம் மறுபடியும் போகலாம் என்கிறாள் என் மனைவி. அந்தக் கல்லூரிப் பெண்களில் இரண்டு பேர் வருகிறார்களாம். போனிலேயே பேசி முடித்துவிட்டாள். முக்பா கிராமத்தில் நாலு நாள் தங்கி, ஆற்றுக்கு இந்தப் பக்கம் வந்து விசாரிக்கவேண்டுமாம். போகும் டிக்கெட்டுக்குப் பாஸ் எழுதிக் கொடுத்துவிட்டேன். திரும்பி வரும் ரயிலுக்கு இன்னும் முன்பதிவு செய்யவில்லை.